அமெரிக்காவில் கல்வியியல் பிஎச்.டி.: விண்ணப்பம் போடுவதிலிருந்து முடிவு வரும் வரை

அமெரிக்காவில் பிஎச்.டி. என்றாலே அது பொறியியல் படித்தவர்கள் சமாச்சாரம் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். எம்.எட். முடித்தவர்கள், பள்ளியிலோ கல்வியியல் கல்லூரியிலோ சில ஆண்டு பாடம் நடத்தியவர்கள், தொண்டு நிறுவனங்களில் கல்விப் பணி பார்ப்பவர்கள் ஆகியோரிடம் அங்குள்ள கல்வியியல் துறைகள் எதிர்பார்க்கும் முக்கியமான சரக்கு ஏற்கெனவே இருக்கிறது: வகுப்பறை அனுபவம். இல்லாதது, விண்ணப்ப முறை பற்றிய தகவல்தான். தமிழில் தேடினால் பெரும்பாலும் எம்.எஸ். படிப்புக்கான ஆலோசனையே கிடைக்கிறது. அதை நம்பி பிஎச்.டி.க்கு விண்ணப்பித்தால் பணமும் ஓராண்டும் வீண். நான் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். இது மதிப்பெண் வரிசைப்படி இடம் ஒதுக்கும் கவுன்சலிங் கிடையாது. நான்கைந்து ஆண்டு உங்களுக்குச் சம்பளமும் கல்விக்கட்டணமும் கொடுத்து வைத்துக்கொள்ளப் போகிற துறை, 'இந்த ஆளுடைய கேள்விக்கு வழிகாட்ட எங்களிடம் யார் இருக்கிறார்கள், அதற்குப் பணம் இருக்கிறதா' என்று பார்க்கிறது. கிட்டத்தட்ட வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி. கீழே சொல்லும் ஒவ்வொன்றும் இதிலிருந்து வருவதுதான்.

1. பிஎச்.டி.யா, எட்.டி.யா என்று தீர்மானியுங்கள்

கல்வியியலில் இரண்டு வகை முனைவர் பட்டங்கள் உண்டு. பிஎச்.டி. ஆய்வுக்கானது, பெரும்பாலும் முழுநேரம். நல்ல துறைகளில் கல்விக்கட்டணம், மாத உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு மூன்றையும் பல்கலைக்கழகமே ஏற்கும். எட்.டி. என்பது பெரும்பாலும் பள்ளி முதல்வர், மாவட்ட அதிகாரி போன்ற பதவிகளில் இருப்பவர்கள் வேலையில் இருந்தபடியே படிப்பது. அதில் பல திட்டங்களுக்குக் கட்டணத்தை நாம்தான் கட்ட வேண்டும்.

பெயர் ஒன்றுபோல இருப்பதால் விண்ணப்பப் பக்கத்தில் மாற்றித் தேர்ந்தெடுப்பது எளிது. அதைவிடப் பெரிய பொறி இணையவழி எட்.டி. முழுக்க இணையத்தில் நடக்கும் படிப்புக்கு எஃப்-1 மாணவர் விசா கிடையாது. 'அமெரிக்கப் பல்கலைக்கழக டாக்டரேட்' என்று விளம்பரம் வந்தால், விசாவுக்கான ஐ-20 படிவம் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். பாதி விளம்பரங்கள் அந்தக் கேள்வியிலேயே உதிர்ந்துவிடும்.

2. நாள்காட்டியைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

படிப்பு தொடங்குவது ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பரில். விண்ணப்பக் கடைசி நாள் அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் வந்துவிடும். பெரும்பாலான முன்னணிக் கல்வியியல் துறைகளுக்கு டிசம்பர் 1 முதல் 15-க்குள். சில மட்டும் ஜனவரி வரை திறந்திருக்கும். ஆண்டுக்கு ஒரே சேர்க்கை, அதனால் டிசம்பரைத் தவறவிட்டால் அடுத்த டிசம்பர்தான்.

அதிலிருந்து பின்னால் போனால் கணக்கு இப்படி வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் துறைகளையும் பேராசிரியர்களையும் தேடத் தொடங்குங்கள். ஜூன், ஜூலையில் டிரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகம் தரும் மதிப்பெண் தொகுப்புச் சான்று) கேட்டு விண்ணப்பம். ஆகஸ்டில் ஆங்கிலத் தேர்வு. செப்டம்பரில் பரிந்துரைப்பவர்களிடம் பேசிவிட வேண்டும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை எஸ்.ஓ.பி., அதாவது எதை, ஏன் ஆராய விரும்புகிறீர்கள் என்று சொல்லும் நோக்க அறிக்கையை எழுதித் திருத்துவது, திரும்பவும் எழுதுவது. நவம்பர் கடைசி வாரத்தில் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துவிடுங்கள்.

கடைசி நாள் நேரத்தையும் கவனியுங்கள். அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி டிசம்பர் 1 இரவு 11.59 என்றால் நமக்கு டிசம்பர் 2 காலை 10.29. கலிஃபோர்னியா நேரம் என்றால் மதியம் 1.29. இதை நம்பி உட்கார்ந்திருக்கும்போது, ஒரு துறை மட்டும் 'மாலை 5 மணி' என்று போட்டிருக்கும். அது கிழக்குப் பகுதியாக இருந்தால் நமக்கு விடியற்காலை 3.30.

3. பேராசிரியரை வைத்துப் பட்டியல் போடுங்கள்

தரவரிசைப் பட்டியலை எடுத்து முதல் பத்துக்கு விண்ணப்பிப்பதுதான் பலரும் செய்வது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஸ்டான்ஃபோர்டு, ஹார்வர்டு, மிச்சிகன், விஸ்கான்சின்–மேடிசன், வாண்டர்பில்ட்டின் பீபாடி கல்லூரி, நார்த்வெஸ்டர்ன் எல்லாமே பெரிய இடங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றின் சாயலும் வேறு. நார்த்வெஸ்டர்ன் கற்றல் அறிவியலுக்குப் பெயர் பெற்றது. விஸ்கான்சினில் பாடத்திட்டமும் கற்பித்தலும் தனித்துறை. பல இடங்களில் கல்விக் கொள்கை, மொழிக் கல்வி, சிறப்புக் கல்வி, கல்வி உளவியல் எல்லாம் தனித்தனிச் சேர்க்கை. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறோம் என்று நினைக்காமல், அதற்குள் இருக்கும் ஒரு பிரிவுக்கு விண்ணப்பிக்கிறோம் என்று நினையுங்கள்.

உங்கள் ஆய்வு ஆர்வத்தை ஒரு வரியில் எழுதிக்கொண்டு, அதே பகுதியில் கடந்த நான்கைந்து ஆண்டுகளில் கட்டுரை எழுதியவர்கள் யார் என்று கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். ஒரு துறையில் அப்படி இரண்டு பேராவது இருந்தால் பட்டியலில் சேருங்கள். ஒருவர் மட்டும் இருந்து அவர் ஓய்வுபெறும் வயதில் இருந்தால் யோசிக்க வேண்டியதுதான். துறைப் பக்கத்தில் 'எமெரிட்டஸ்' (ஓய்வுபெற்ற பேராசிரியர்) என்று போட்டிருந்தால் அவர் புதிதாக மாணவர் எடுப்பது அரிது.

செப்டம்பர், அக்டோபரில் அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். ஆறேழு வரிகள் போதும்: நீங்கள் யார், உங்கள் கேள்வி என்ன, அவருடைய எந்தக் கட்டுரை அதோடு தொடர்புடையது, அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா. 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான நிழலில்' என்கிற பாணியெல்லாம் வேண்டாம். பதில் வராததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல கல்வியியல் துறைகளில் சேர்க்கையை முடிவு செய்வது ஒரு குழு. அதனாலேயே பேராசிரியர்கள் முன்கூட்டி எதுவும் சொல்வதில்லை. 'இந்த ஆண்டு நான் எடுக்கவில்லை' என்று ஒரு வரி வந்தாலும் லாபம்தான். ஒரு விண்ணப்பக் கட்டணம் மிச்சம்.

இப்போது இன்னொரு காரணத்துக்காகவும் இதைக் கேட்டாக வேண்டும். 2025 தொடக்கத்தில் அமெரிக்க மத்திய அரசு கல்வி ஆய்வுக்கான ஒப்பந்தங்களைப் பெருமளவில் ரத்து செய்தது. அதன் பிறகு பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. இடங்களைக் குறைத்தன, சில துறைகள் ஓராண்டுச் சேர்க்கையையே நிறுத்தின. போன ஆண்டுப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டாதீர்கள். 'இந்த ஆண்டு சேர்க்கை உண்டு' என்று இந்த ஆண்டுத் தேதியோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எத்தனை இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம்? ஆறு முதல் எட்டு என்பேன். அதற்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் எஸ்.ஓ.பி.யைத் தனியாகத் திருத்த நேரம் இருக்காது.

4. டிரான்ஸ்கிரிப்டும் பெயர்ச் சிக்கலும்

நம்மில் பலருக்கு இளங்கலை ஒரு பல்கலைக்கழகம், முதுகலை இன்னொன்று, பி.எட்., எம்.எட். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் என்று மூன்று இடங்களில் சான்றிதழ் இருக்கும். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக டிரான்ஸ்கிரிப்ட் வாங்க வேண்டும். மதிப்பெண் பட்டியலின் நகல் வேறு, டிரான்ஸ்கிரிப்ட் வேறு. பின்னது, எல்லாப் பருவ மதிப்பெண்களையும் தொகுத்து, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையெழுத்தோடு முத்திரையிட்ட உறையில் தருவது.

இதற்கு ஆகும் காலம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். சில இடங்களில் இணையத்தில் விண்ணப்பித்து இரண்டு மூன்று வாரத்தில் வாங்கிவிடலாம். எனக்கு ஒரு பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில், கட்டணம் கட்டிய செல்லான் எந்த மேசையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிட்டது. செல்லானை, விண்ணப்பத்தை, மதிப்பெண் பட்டியல்களை இரண்டு செட் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். உறை கேட்கும்போது மூன்று நான்காகக் கேட்டுவிடுங்கள்; கூடுதல் உறைக்கு ஆகும் பணம் இன்னொரு முறை பேருந்தேறி வருவதைவிடக் குறைவு.

விண்ணப்பத்தின்போது பெரும்பாலான இடங்களில் ஸ்கேன் செய்த பிரதியை ஏற்றினாலே போதும். முத்திரையிட்ட உறை இடம் கிடைத்த பிறகுதான் தேவைப்படும். நம் பட்டத்தை அமெரிக்கப் பட்டத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் டபிள்யூ.இ.எஸ். போன்ற நிறுவனங்களின் மதிப்பீட்டு அறிக்கையையும், அந்தத் துறை கேட்டால் மட்டும் வாங்குங்கள். கேட்காத இடத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே வாங்கி, நூறு டாலருக்கு மேல் செலவழித்தவர்கள் உண்டு.

மதிப்பெண்ணை நீங்களாக 4-க்கு இத்தனை என்று மாற்றாதீர்கள். விண்ணப்பத்தில் 'உங்கள் நாட்டு அளவில் தருக' என்று இருந்தால் 100-க்கு 68 என்றால் 68 என்றே போடுங்கள். மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டத்துக்கு இணையாக எடுத்துக்கொள்வதில்லை. முதுகலையோ எம்.எட்.டோ கையில் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடும். இருந்தாலும் சந்தேகம் உள்ள இடத்துக்குப் பணம் கட்டும் முன் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தலைவலி: இனிஷியல். சான்றிதழில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து இன்னொரு வடிவம், சில பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் முழுப் பெயரும் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று விழும். அதாவது 'முதல் பெயர் தெரியவில்லை'. பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம், சம்பளப் பட்டியல் எல்லாவற்றிலும் அதுவே தொடரும். பாஸ்போர்ட்டைத் திருத்துவதாக இருந்தால் ஆங்கிலத் தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே திருத்திவிடுங்கள். ஏனென்றால் தேர்வு மையத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சான்றிதழில் வேறு வடிவம் இருந்தால், விண்ணப்பத்தில் 'பிற பெயர்கள்' என்ற கட்டத்தில் அதையும் எழுதுங்கள்.

5. தேர்வுகள்

பட்டமேற்படிப்புக்கான பொதுத் தேர்வான ஜி.ஆர்.இ., கல்வியியலில் பல இடங்களில் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது அல்லது வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் பட்டியலில் ஒரே ஒரு துறை மட்டும் கேட்டால், தேர்வுக் கட்டணமும் இரண்டு மாதத் தயாரிப்பும் அந்த ஒன்றுக்குத் தகுமா என்று பாருங்கள். நானாக இருந்தால் அந்தத் துறையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

ஆங்கிலத் தேர்வான டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். பெரும்பாலும் கட்டாயம். இந்தியாவில் பதினேழு, பதினெட்டாயிரம் ரூபாய் அளவில் ஆகும். மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும்; இரண்டாம் முறை விண்ணப்பிக்க நேரலாம் என்பதையும் நினைத்து, ரொம்ப முன்கூட்டி எழுதாதீர்கள். 2026 ஜனவரியிலிருந்து டோஃபல் மதிப்பெண் 1 முதல் 6 வரையிலான அளவில் வருகிறது. துறைப் பக்கத்தில் இன்னும் '120-க்கு 100' என்று பழைய கணக்கு இருந்தால் குழம்ப வேண்டாம், அதற்கு இணையான மதிப்பெண்ணும் சான்றில் இருக்கும். ஆங்கில வழியில் படித்ததாகக் கல்லூரி தரும் பயிற்றுமொழிச் சான்றைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், பல ஏற்காது. அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

6. எஸ்.ஓ.பி.: முக்கால்வாசி வேலை இங்கேதான்

இரண்டு பக்கம், அல்லது ஆயிரம் சொல் அளவில் கேட்பார்கள். 'சிறு வயதிலிருந்தே ஆசிரியர் பணியின் மீது எனக்குத் தீராத ஆர்வம்' என்று தொடங்கும் எஸ்.ஓ.பி.களை அந்தக் குழு கட்டுக்கட்டாகப் படித்திருக்கும். அவர்களுக்கு வேண்டியது கேள்வி.

ஓர் உதாரணம் பார்ப்போம். 'கிராமப்புறப் பள்ளிகளில் கல்வித் தரத்தை மேம்படுத்த விரும்புகிறேன்' என்பது கேள்வி ஆகாது. யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் அதை ஆராயவும் முடியாது. இதையே ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர் இப்படி எழுதலாம்: 'எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்பறையில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் இருக்கிறார்கள். ஒரு குழந்தையை ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாற்றலாம் என்று ஆசிரியர் எதை வைத்து முடிவு செய்கிறார்? செயலியில் பதியும் மதிப்பீட்டை வைத்தா, அன்றாடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை வைத்தா? இரண்டும் முரண்படும்போது என்ன செய்கிறார்?' இப்போது படிப்பவருக்கு மூன்று விஷயம் தெரிந்துவிடுகிறது. இவர் வகுப்பறையில் நின்றவர், இவருடைய கேள்வியை ஆய்வு செய்ய முடியும், நம் துறையில் வகுப்பறை மதிப்பீடு பற்றி எழுதும் இன்னாரிடம் இவரை அனுப்பலாம்.

திட்டத்தின் பெயர் அவர்களுக்குத் தெரியாது என்பதை மறக்காதீர்கள். இரண்டு வாக்கியத்தில் விளக்கிவிட்டு நகருங்கள். தமிழ்நாட்டின் கல்வி வரலாறு முழுவதையும் அதில் ஏற்ற வேண்டாம்.

மீதியைப் பிரித்துக்கொள்ளுங்கள்: இதுவரை செய்த ஆய்வு அல்லது எம்.எட். ஆய்வேடு பற்றி ஒரு பத்தி, அதில் என்ன முறை பயன்படுத்தினீர்கள், எது போதவில்லை என்று. ஏன் இந்தத் துறை, எந்தப் பேராசிரியர்கள், அவர்களின் எந்த வேலை என்று ஒரு பத்தி. இந்தப் பத்திதான் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மாற வேண்டியது. மாற்றும்போது பழைய பல்கலைக்கழகத்தின் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கோப்பில் தேடிப் பாருங்கள், கோப்பின் பெயரிலும் சேர்த்து.

சில இடங்களில் தனியாகத் தன்வரலாற்று அறிக்கை ஒன்றும் கேட்பார்கள், குறிப்பாகக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பது, தமிழ் வழியில் படித்தது, சாதி, ஊர் சார்ந்த அனுபவங்கள் எல்லாம் அங்கே வர வேண்டியவை. எஸ்.ஓ.பி.யையே வெட்டி ஒட்டாதீர்கள்.

எழுத்து மாதிரி கேட்டால் எம்.எட். ஆய்வேட்டின் ஒரு இயலைச் சுருக்கி, 15–20 பக்கத்துக்குள் தனிக் கட்டுரையாக்கிக் கொடுங்கள். அப்படியே ஸ்கேன் செய்து அனுப்பாதீர்கள். முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் இயலைவிட, நீங்களே தரவு திரட்டிப் பேசும் இயல் எடுபடும்.

7. பரிந்துரைக் கடிதங்கள்

மூன்று வேண்டும். அவற்றில் குறைந்தது இரண்டு கடிதங்கள் உங்களுக்குப் பாடம் நடத்திய, ஆய்வேட்டுக்கு வழிகாட்டிய ஆசிரியர்களிடமிருந்து வர வேண்டும். பெரிய பதவியில் இருப்பவர் என்பதற்காக உங்களைத் தெரியாத ஒரு முதல்வரிடம் வாங்குவதில் பயனில்லை.

நம் ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும்: 'நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்து போட்டுத் தரேன்.' சார் உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார். ஆனால் மூன்று கடிதமும் ஒரே கை எழுதியது என்று படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அது நேர்மைக் கேள்வியாகவும் மாறும். கடிதத்துக்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள்: எந்த ஆண்டு எந்தப் பாடம், ஆய்வேட்டுத் தலைப்பு, அவர் முன்னிலையில் நீங்கள் செய்த ஏதாவது ஒரு குறிப்பான வேலை, எஸ்.ஓ.பி. வரைவு. 'சார், இதை வெச்சு உங்க நடையில ரெண்டு பத்தி எழுதினா போதும்' என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் எழுதிவிடுகிறார்கள்.

கடிதம் உங்கள் கைக்கு வராது. நீங்கள் விண்ணப்பத்தில் அவருடைய மின்னஞ்சலைத் தந்தவுடன் அமைப்பு அவருக்கு ஒரு இணைப்பை அனுப்பும், அதில் அவரே ஏற்ற வேண்டும். முடிந்தவரை கல்லூரி மின்னஞ்சல் முகவரி கொடுங்கள். அந்த இணைப்பு ஸ்பேமில் விழுவது சர்வசாதாரணம். அனுப்பிய அன்றே போன் செய்து, அவர் திரையில் இணைப்பைப் பார்த்ததாகச் சொல்லும் வரை விடாதீர்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்தில் கேட்கும், ஆம் என்று கொடுங்கள். இல்லையென்றால் கடிதத்துக்கு மதிப்பு குறையும்.

எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் இணைப்புகளை ஒரே வாரத்தில் போகும்படி செய்துவிட்டு, அவருக்கு ஒரு பட்டியலும் கொடுங்கள்: எந்தப் பல்கலைக்கழகம், கடைசி நாள், ஏற்றியாயிற்றா. எட்டு இணைப்பு எட்டு வாரத்தில் தனித்தனியாக வந்தால் எந்த நல்ல ஆசிரியருக்கும் பொறுமை போய்விடும்.

8. பணம் கட்டிச் சமர்ப்பிப்பது

விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் 75 முதல் 125 டாலர். ஸ்டான்ஃபோர்டில் 125. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் வெளிநாட்டவருக்கு 155. எட்டு இடம், சராசரி 100 டாலர் என்று வைத்தால் கட்டணம் மட்டுமே 70,000 ரூபாயை ஒட்டி வரும். ஆங்கிலத் தேர்வு, டிரான்ஸ்கிரிப்ட், அலைச்சல் சேர்த்தால் ஒரு லட்சம் எடுத்து வைக்க வேண்டும். கட்டணத் தள்ளுபடி வெளிநாட்டவருக்கும் தரும் துறைகள் உண்டு. அதைக் கடைசி நாளுக்குச் சில வாரம் முன்பே கேட்க வேண்டும், கட்டிய பிறகு திரும்ப வராது.

உங்கள் கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனையை முன்கூட்டியே இயக்கி வையுங்கள். ஹார்வர்டு போன்ற இடங்களில் கல்வியியல் பிஎச்.டி. விண்ணப்பம் கல்வியியல் பள்ளியின் பக்கத்தில் இல்லாமல், பொதுவான பட்டமேற்படிப்புப் பள்ளியின் தளத்தில் இருக்கும். தவறான இடத்தில் முதுகலைக்கான கணக்கைத் திறந்துவிடாதீர்கள்.

கன்சல்டன்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் பலருக்கு வருமானம், கட்டணம் கட்டிப் படிக்கும் முதுகலை மாணவர்களைச் சேர்த்துவிடுவதில் வருகிறது. நிதியோடு கூடிய பிஎச்.டி.யில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை, சொல்லித்தர அனுபவமும் குறைவு. அந்தப் பணத்தை இன்னும் இரண்டு விண்ணப்பத்துக்குக் கட்டலாம்.

9. காத்திருப்பு

டிசம்பரில் அமெரிக்கா விடுமுறையில் இருக்கும். ஜனவரி முதல் வாரம் வரை எதுவும் நடக்காது. அந்தக் காலத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: போர்ட்டலில் எல்லா ஆவணமும் 'வந்து சேர்ந்தது' என்று காட்டுகிறதா என்று பார்ப்பது. கடிதம் ஒன்று வராவிட்டால் கடைசி நாள் தாண்டியும் ஓரிரு வாரம் பல துறைகள் ஏற்றுக்கொள்ளும். உடனே ஆசிரியருக்கும் துறை ஒருங்கிணைப்பாளருக்கும் எழுதுங்கள்.

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரை நேர்காணல் அழைப்புகள் வரும், பெரும்பாலும் ஜூமில். நமக்கு அது இரவு எட்டிலிருந்து நள்ளிரவுக்குள் அமையும். ரகசியக் கேள்வி ஒன்றும் இருக்காது. உங்கள் கேள்வி எப்படி வந்தது, எந்த முறையில் ஆராய்வீர்கள், ஏன் எங்கள் துறை, எங்களிடம் நீங்கள் கேட்க விரும்புவது என்ன. கடைசியில் சொன்னதற்கு வெறுமனே 'ஒன்றுமில்லை, நன்றி' என்று முடிக்காதீர்கள். மாணவர்களுக்கு எத்தனை ஆண்டு நிதி உறுதி, கோடையில் என்ன செய்கிறார்கள் என்று கேட்பது அங்கே தப்பில்லை. நேர்காணலே வைக்காமல் நேரடியாக இடம் தரும் துறைகளும் உண்டு. எனவே அழைப்பு வரவில்லை என்பதாலேயே கதை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

முடிவுகள் பிப்ரவரி, மார்ச்சில் வரும். ஒழுங்கு இருக்காது. முதலில் துறை பரிந்துரைக்கும், பிறகு பட்டமேற்படிப்பு அலுவலகம் ஒப்புதல் தரும். அதனால் பேராசிரியரின் வாழ்த்து மின்னஞ்சல் வந்து பல நாள் கழித்தும் போர்ட்டல் 'பரிசீலனையில்' என்றே காட்டும். முதல் சுற்றில் இடம் பெற்றவர்களுக்குத் தகவல் போய்விட்ட பிறகும், இடம் இல்லை என்ற கடிதங்கள் வாரக்கணக்கில் தாமதமாகும். மார்ச் நடுப்பகுதி தாண்டியும் பதில் இல்லை என்றால் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரே ஒரு பணிவான மின்னஞ்சல் போடலாம். வாராவாரம் எழுதுவது உதவாது.

வெயிட்டிங் லிஸ்டில் வைத்தால் அது மரியாதைக்குச் சொல்வதல்ல, உண்மையிலேயே நகரும். முதல் சுற்றில் இடம் பெற்றவர்கள் ஏப்ரல் 15 ஒட்டித்தான் மறுப்புச் சொல்வார்கள். உங்களுக்கு ஆர்வம் குறையவில்லை என்றும், டிசம்பருக்குப் பிறகு ஏதாவது புதிதாக வெளியிட்டிருந்தால் அதையும் குறிப்பிட்டு, நான்கு வரியில் எழுதுங்கள்.

மறுத்தால் பெரும்பாலும் காரணம் சொல்ல மாட்டார்கள். கேட்டாலும் தருவது அரிது. அந்த ஆண்டு உங்கள் பகுதியில் யாரும் மாணவர் எடுக்கவில்லை என்பதே காரணமாக இருக்கலாம். அதே துறைக்கு அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கத் தடை பெரும்பாலும் இல்லை, ஆனால் அதே எஸ்.ஓ.பி.யோடு போகாதீர்கள். இந்த மாதங்களில் நடப்பு வேலையை விட்டுவிடாமல் இருப்பது நல்லது.

10. கடிதத்தில் பணத்தை வாசியுங்கள்

'வாழ்த்துகள்' என்ற வரியைத் தாண்டி நிதிப் பத்திக்கு வாருங்கள். எத்தனை ஆண்டு உறுதி? உதவித்தொகை ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? மருத்துவக் காப்பீடு முழுதா, பாதியா? கல்விக்கட்டணம் போக 'மாணவர் கட்டணம்' என்று தனியாக ஒன்று இருக்கிறதா? வாரம் 20 மணி நேர ஆய்வு உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் வேலையோடு இணைந்த நிதியா? எஃப்-1 விசாவில் பருவ காலத்தில் வளாக வேலைக்கு 20 மணிதான் உச்சம், ஆகவே வெளியே எதுவும் சம்பாதிக்க முடியாது. தொகை பெரிதாகத் தெரிந்தாலும் அந்த ஊர் வீட்டு வாடகையோடு வைத்துப் பாருங்கள். பெரிய நகரத்தில் கூடுதலாகத் தெரிவது, சிறிய பல்கலைக்கழக ஊரில் கிடைக்கும் குறைந்த தொகையைவிட மோசமாக இருக்கலாம்.

இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. 'பிஎச்.டி.யில் இடம் தர இயலவில்லை, ஆனால் உங்களை முதுகலைக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்' என்று சில கடிதங்கள் வரும். அதில் நிதி இருக்காது, ஆண்டுக்குப் பல பத்தாயிரம் டாலர் கட்டணம் இருக்கும். பல்கலைக்கழகப் பெயரைப் பார்த்து வீட்டை அடகு வைக்காதீர்கள். நிதி இல்லாத பிஎச்.டி. இடமும் அப்படித்தான், நான் அதை இடமாகவே கணக்கில் வைப்பதில்லை. குடும்ப வருமானம், வயது, பிரிவு வரம்புக்குள் வருபவர்கள் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையையும், தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறையின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும் பார்க்கலாம்.

பதில் சொல்ல அவசரப்படுத்தினால் ஏப்ரல் 15 என்ற தேதியை நினைவில் வையுங்கள். அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கூட்டமைப்பு ஒரு தீர்மானம் வைத்திருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியோடு தரும் இடத்துக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. கையில் இரண்டு கடிதம் இருந்தால் அந்த நாள் வரை ஒப்பிட உரிமை உண்டு. ஆனால் போக மாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்த இடத்துக்கு உடனே மறுப்பு எழுதிவிடுங்கள், அங்கே வெயிட்டிங் லிஸ்டில் ஒருவர் காத்திருக்கிறார். முன்பே ஏற்றுக்கொண்ட இடத்தை விட்டு வேறு இடத்துக்கு மாற வேண்டுமானால், ஏப்ரல் 15-க்குள் முதல் இடத்துக்கு எழுத்துமூலம் சொல்லி விலகிக்கொள்ளுங்கள்.

11. ஐ-20, விசா, முதல் மாதச் செலவு

ஏற்றுக்கொண்டதும் பாஸ்போர்ட் நகலையும், நிதிக் கடிதம் ஈடுகட்டாத தொகை இருந்தால் அதற்கான வங்கிச் சான்றையும் அனுப்பினால் ஐ-20 வரும். அதில் பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று பார்த்துவிட்டு செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவேடு) கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர் கட்டி, சென்னையில் நேர்காணலுக்குத் தேதி வாங்குங்கள். கோடையில் கூட்டம் அதிகம், எனவே ஐ-20 கைக்கு வந்த வாரமே முயலுங்கள். 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. விசா கிடைத்தாலும், ஐ-20-இல் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாள் முன்னதாகத்தான் உள்ளே போக முடியும்.

முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்ட் உறைகளைப் பிரிக்காமல் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள், முதல் பருவத்துக்குள் அவற்றை ஒப்படைக்கச் சொல்வார்கள். உதவித்தொகையின் முதல் தவணை பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில்தான் வரும். அதற்குள் வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, பாத்திரம், படுக்கை எல்லாம் வாங்கியாக வேண்டும். விமான டிக்கெட் போக, இரண்டு மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சேர்ந்த அளவுக்கு டாலரில் ஃபாரெக்ஸ் கார்டில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.